'டக்' சத்தம் வருகிறது, 50 வோல்ட் இருக்கிறது, ஆனால் பக்கி நகரவில்லை: கன்ட்ரோலரை மாற்றத்தான் வேண்டுமா?

கொட்டகைக்காரன்:

வணக்கம். கோல்ஃப் திடல் பக்கி ஒன்று, நான்கு இருக்கை, 48 வோல்ட். தண்ணீர் ஊற்றும் 8 வோல்ட் பேட்டரி ஆறு. பிரஷ் உள்ள டிசி மோட்டார். பேட்டரி போட்டு நான்கு வருஷம் ஆகப் போகிறது.

நேற்று மாலை மழைக்குப் பிறகு கொட்டகைக்குத் தானாகத்தான் ஓடி வந்தது. இரவு முழுக்க சார்ஜ். காலையில் நகரவே இல்லை. முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. பெடலை அழுத்தினால் சீட்டுக்கு அடியில் ஒரு 'டக்', அவ்வளவுதான். ஹெட்லைட் எரிகிறது, ரிவர்ஸ் போட்டால் பஸ்ஸர் கத்துகிறது. பேட்டரி மொத்தம் 50.6 வோல்ட். சார்ஜர் பிளக் பிடுங்கியாகிவிட்டது, டோ/ரன் சுவிட்ச் (இழுத்துப் போக 'டோ', ஓட்ட 'ரன்') 'ரன்'னில்தான் இருக்கிறது.

இணையத்தில் சொன்னபடி சோலனாய்டையும் (பெடலை அழுத்தினால் பேட்டரியைக் கன்ட்ரோலரோடு சேர்க்கும் மின்காந்த சுவிட்ச்) பார்த்தேன். சாவி போட்டு, இரண்டு பெரிய முனைகளுக்கும் இடையே அளந்தால் 1.9 வோல்ட். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருந்தால் நல்ல சோலனாய்டு என்று போட்டிருந்தார்கள், அதனால் விட்டுவிட்டேன். மழைத் தண்ணீர் இறங்கி கன்ட்ரோலர் (மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) போயிருக்கும், மாற்றிவிடலாம் என்கிறார்கள். ஆயிரம் வெள்ளிக்கு மேல் ஆகும். அதற்குமுன் வேறு எதைப் பார்க்க வேண்டும்?

மீட்டர்மணி:

கன்ட்ரோலரைக் கழற்றாதீர்கள். இந்த அளவுகளை வைத்து அது போய்விட்டது என்று யாராலும் சொல்ல முடியாது.

லைட் எரிவதும் பஸ்ஸர் கத்துவதும் சாட்சி இல்லை. சில ஆம்பியரிலேயே அவை பிழைத்துக்கொள்ளும். வண்டி கிளம்பும் நொடியில் மோட்டார் கேட்பது 200 ஆம்பியர், அதற்கும் மேல். பாதையில் எங்காவது 0.05 ஓம் தடை இருந்தால் போதும், 200 ஆம்பியரில் 10 வோல்ட் அங்கேயே தொலைந்துவிடும். ஆனால் சும்மா நிற்கும்போது மீட்டரில் எல்லாம் அழகாக இருக்கும்.

'டக்' சத்தமும் அப்படித்தான். சோலனாய்டின் சுருளுக்கு மின்சாரம் வந்தது, இரும்புத் தண்டு இழுத்தது என்பதற்கு மட்டும்தான் அது சான்று. தண்டின் தலையில் இருக்கும் செப்புத் தகடு இரண்டு முனைகளையும் ஒழுங்காகச் சேர்த்ததா என்பது வேறு விஷயம். தகடு கருகி மேடும் பள்ளமுமாக இருந்தாலும் சத்தம் அதே சத்தம்தான்.

இப்போது அந்த 1.9 வோல்ட்டுக்கு வருவோம். நீங்கள் அளந்தது பெடலை அழுத்தாமல் என்று நினைக்கிறேன். சோலனாய்டின் இரண்டு பெரிய முனைகளையும் இணைத்து ஒரு ரெசிஸ்டர் (மின்தடை) இருக்கும், வண்டிக்கு வண்டி 250 முதல் 1000 ஓம் வரை. கன்ட்ரோலருக்குள் இருக்கும் பெரிய கப்பாசிட்டர்களை (மின்தேக்கி) அது மெதுவாக முன்கூட்டியே நிரப்பி வைக்கும். அது இல்லாவிட்டால் ஒவ்வொரு முறை தகடு சேரும்போதும் வெல்டிங் மாதிரி பொறி பறக்கும். கப்பாசிட்டர் நிரம்பிவிட்டதால்தான் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாகி உங்களுக்கு 1.9 காட்டியது. ரெசிஸ்டர் வேலை செய்கிறது, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். தகட்டைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை.

சரியாக அளக்க: முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். பின் ஆக்சிலை ஜாக்கில் தூக்கி ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். ஜாக்கை மட்டும் நம்பிக் கைவிடாதீர்கள். மோதிரம், காப்பு, கைக்கடிகாரம் கழற்றிவிடுங்கள். மீட்டரை டிசி 200 வோல்ட்டில் வைத்து, முதலைப் பிடியால் சிவப்பைப் பேட்டரிப் பக்கப் பெரிய முனையிலும் கறுப்பைக் கன்ட்ரோலர் பக்க முனையிலும் மாட்டுங்கள். கையில் பிடித்து அளந்தால் வழுக்கும். இன்னொருவர் சாவி போட்டு, முன்னோக்கி வைத்து, பெடலைக் கால்வாசி மட்டும் அழுத்தட்டும். சக்கரம் காற்றில் இருக்கும்போது முழுப் பெடல் வேண்டாம். உங்களுடையது சீரீஸ் மோட்டாராக இருந்தால் சுமையில்லாமல் வேகம் எகிறி ஆர்மேச்சர் (மோட்டாரின் சுழலும் பாகம்) சிதறும்.

அழுத்தியதும் சரியாக 0.0 ஆனால் தகடு சேருகிறது, தேடலை அதற்குப் பின்னால் தொடருங்கள். 1.9 அசையாமல் அப்படியே நின்றால் தகடும் சேரவில்லை, கன்ட்ரோலரும் மின்சாரம் கேட்கவில்லை. 30, 40 என்று மேலே தாவினால் தகடு கருகிவிட்டது: கன்ட்ரோலர் கேட்கிறது, ரெசிஸ்டர் வழியாக வரும் 0.1 ஆம்பியர் ஈடுகொடுக்கவில்லை, கப்பாசிட்டர் காலியாகிறது. இந்த மூன்றாவதில் ரெசிஸ்டர் சூடாகும். 470 ஓமில் 50 வோல்ட் விழுந்தால் 5 வாட்டுக்கு மேல், விரல் தாங்காது. பெடலை விட்ட பிறகு புறங்கையைப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம்.

கூடவே இரண்டு சின்ன முனைகளுக்கும் இடையே, பெடல் அழுத்தியிருக்கும்போது, எவ்வளவு என்றும் பார்த்து எழுதுங்கள். பேட்டரி வோல்ட்டேஜுக்கு ஒட்டி இருக்க வேண்டும். 35 வோல்ட்டிலும் 'டக்' கேட்கும், ஆனால் இழுப்பு பலவீனமாக இருக்கும்.

சாவி13:

மீட்டரெல்லாம் எதுக்கு? ரெண்டு பெரிய முனைக்கும் குறுக்கே ஒரு நீள ஸ்பானரை வெச்சு அழுத்துங்க. வண்டி ஓடிச்சுன்னா சோலனாய்டு போச்சு. ரெண்டு நிமிஷ வேலை.

மீட்டர்மணி:

தம்பி, தயவுசெய்து அந்த யோசனையைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். ரெசிஸ்டர் அறுந்து கப்பாசிட்டர் காலியாக இருந்தால் ஸ்பானர் வைத்த கணமே பல நூறு ஆம்பியர் பாயும். ஸ்பானர் முனையில் ஒட்டிக்கொள்ளும், கண்ணில் பொறி படும். இரவெல்லாம் சார்ஜ் ஆன பேட்டரிக்கு மேலே ஹைட்ரஜன் தேங்கியிருக்கும், காற்றில் 4 சதவீதம் இருந்தாலே பற்றிக்கொள்ளும். பெடல் சென்சார் பழுதாகி முழு வேகம் காட்டிக்கொண்டிருந்தால் வண்டி உங்கள் மேலேயே பாயும். மீட்டர் இருக்கும்போது இது எதற்கு?

ஈயஅமிலம்:

சோலனாய்டு விஷயத்தில் மேலே சொன்னதே சரி. 50.6 வோல்ட்டை மட்டும் கொஞ்சம் பிய்த்துப் பார்க்கிறேன்.

முழு சார்ஜில், ஓய்வில், 24 செல்லுக்கு 2.12 வோல்ட் வீதம் 50.9 வர வேண்டும். 50.6 நல்ல எண்தான். ஆனால் சார்ஜர் பிடுங்கிய உடனே அளந்தால் மேலோட்டமான சார்ஜ் ஏமாற்றும். குறைந்தது 6 மணி நேரம் நிற்க விட்டு அளக்க வேண்டும். இன்னொன்று: மொத்தத்தை அளந்தால் ஒரு சொத்தை செல் மற்ற 23-க்குள் ஒளிந்துகொள்ளும். ஆறு பேட்டரியையும் தனித்தனியாக அளந்து எழுதுங்கள். நல்லது 8.4-க்கு மேல் நிற்கும். மற்றவற்றைவிட 0.2 வோல்ட் குறைவாக ஒன்று இருந்தால் சந்தேகப்படலாம்.

வண்டி நகராததால் சுமையில் வைத்து அளக்க இப்போது வழியில்லை. அதனால் ஹைட்ரோமீட்டர், அமிலத்தின் அடர்த்தியைக் காட்டும் கருவி. ஒவ்வொரு செல்லிலும் இரண்டு மூன்று முறை உறிஞ்சி விட்டு, பிறகு படியுங்கள். முதல் உறிஞ்சலில் மேல்மட்டத் தண்ணீர்தான் வரும். முழு சார்ஜில் 1.265 முதல் 1.280. சிங்கப்பூரில் ஒரு வசதி, அட்டவணைகள் போடப்பட்டிருப்பதே 27 டிகிரிக்குத்தான். கொட்டகைக்குள் ஏறக்குறைய அதே வெப்பம் என்பதால் திருத்தம் பெரிதாக வேண்டியதில்லை. பேட்டரி நன்றாகச் சூடேறியிருந்தால் மட்டும் 5 டிகிரிக்கு 0.004 கூட்டிக்கொள்ளுங்கள்.

கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரில் ஆப்பசோடா கரைத்து வைத்துக்கொள்ளுங்கள், அமிலம் சிந்தினால் மேலே ஊற்ற. சோடாத் தண்ணீர் செல்லுக்குள் ஒரு சொட்டுகூடப் போகக் கூடாது.

கொட்டகைக்காரன்:

அண்ணே, செய்துவிட்டேன். 1.9 பெடல் அழுத்தாமல் அளந்ததுதான், நீங்கள் சொன்னது சரி.

சின்ன முனைகளில் பெடலோடு 50.1. பெரிய முனைகளில் பெடல் விட்டால் 1.9, அழுத்தினால் 38-க்கும் 44-க்கும் இடையே ஆடுகிறது. ரெசிஸ்டர் பக்கம் கை கொண்டுபோக முடியவில்லை.

இன்னொன்றையும் கவனித்தேன். கன்ட்ரோலர் பக்கப் பெரிய முனையின் அடியில் பிளாஸ்டிக் பழுப்பாகியிருக்கிறது. அந்த நட்டை விரலால் கால் சுற்று திருப்ப முடிந்தது.

பேட்டரி: ஐந்து 8.42-க்கும் 8.48-க்கும் நடுவே. நான்காவது மட்டும் 8.29. ஹைட்ரோமீட்டரில் ஐந்தும் 1.265 முதல் 1.275. நான்காவதில் மூன்று செல் 1.260, ஒரு செல் 1.150.

மீட்டர்மணி:

சோலனாய்டுதான். கன்ட்ரோலர் உயிரோடு இருக்கிறது, பெடலும் வேலை செய்கிறது. மோட்டார் கேட்டதால்தான் எண் தாவியது.

காரணத்தையும் நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். நட் தளர்ந்தால் லக்குக்கும் (கேபிள் நுனியில் இருக்கும் உலோக வளையம்) முனைக்கும் இடையே சூடு பிறக்கும். செப்பு முனை அந்தச் சூட்டை நேராக உள்ளே தகட்டுக்குக் கொண்டுபோகும். சூடான தகடு சீக்கிரம் கருகும், கருகினால் இன்னும் சூடு. மழைக்கும் இதற்கும் சம்பந்தம் இருப்பதாகத் தெரியவில்லை. நேற்று வரை ஒட்டிக்கொண்டு ஓடியது, இன்று ஒட்டவில்லை.

புதிது வாங்கும்போது சுருள் 48 வோல்ட் என்று பாருங்கள். 36 வோல்ட் சுருளும் போட்டதும் வேலை செய்யும், பிறகு தீய்ந்துபோகும். தொடர்ந்து ஓடும் வகை வேண்டும். கார் ஸ்டார்ட்டருக்குப் போடும் சோலனாய்டு உருவத்தில் ஒன்றுபோல இருக்கும், ஆனால் அது சில நொடிகளுக்கு மட்டும் செய்யப்பட்டது.

கழற்றும் வரிசை முக்கியம். சாவியை அணைத்து, சுவிட்சை 'டோ'வுக்குத் தள்ளி, பேட்டரித் தொகுப்பின் கடைசி நெகட்டிவ் கேபிளை முதலில் எடுங்கள். கப்பாசிட்டர் இறங்க 90 நொடி பொறுங்கள், பிறகு கன்ட்ரோலரின் பாசிட்டிவ் நெகட்டிவ் முனைகளில் மீட்டர் வைத்து உறுதி செய்துகொள்ளுங்கள். ஸ்பானர் கைப்பிடியில் இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள், நுனியில் ஒரு அங்குலம் மட்டும் வெளியே தெரிந்தால் போதும். வயரைத் தொடும் முன் போட்டோ.

மாட்டும்போது பெரும்பாலும் தப்பு நடக்கும் இடம் இது. கேபிள் லக் நேரடியாக முனையின் செப்பு மேடையில் உட்கார வேண்டும். அதன் மேல் ரெசிஸ்டரின் சின்ன லக், அதன் மேல் வாஷர், அதன் மேல் நட். லக்குக்குக் கீழே துருப்பிடிக்காத இரும்பு வாஷரைப் போட்டுவிடுகிறார்கள். அதுவும் ஒரு ரெசிஸ்டர்தான், யாரும் கேட்காமலே வந்து உட்கார்ந்த ரெசிஸ்டர். பழுப்பேறிய லக்கை நன்றாகத் தேய்த்துப் பாருங்கள். செம்பு நிறம் திரும்பாமல் கறுத்தே இருந்தாலோ, லக்குக்குள் கம்பி ஆடினாலோ கேபிளையே மாற்றுங்கள். முறுக்கும்போது கீழ் நட்டை ஒரு ஸ்பானரால் பிடித்துக்கொண்டு மேல் நட்டை மட்டும் திருப்புங்கள். முனை முழுதாகச் சுழன்றால் உள்ளே தகடு கோணலாகி, புது சோலனாய்டு முதல் நாளே வீண்.

சின்ன முனைகளுக்குக் குறுக்கே டையோடு (ஒரு திசையில் மட்டும் மின்சாரம் விடும் பாகம்) இருந்தால் அதன் வெள்ளிக் கோடு சுருளின் பாசிட்டிவ் பக்கம் இருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் பெடல் அழுத்திய கணமே ஷார்ட்டாகும், பெடல் மைக்ரோ சுவிட்ச் காலி. 5 வாட்டுக்கு மேல் வெந்த ரெசிஸ்டரையும் நம்ப வேண்டாம், சேர்த்தே மாற்றுங்கள், பழையதில் இருந்த அதே ஓம். டையோடு, ரெசிஸ்டர் இரண்டுக்கும் மின்னணு உதிரிபாகக் கடைகள் உள்ள சிம் லிம் டவர் போனால் போதும். சில்லறைக் காசு.

ஏசிமோட்டார்:

இதே தலைப்பைத் தேடி வருகிறவர்களுக்காக, அளவு 0.0 வந்தால் என்ன என்று கொஞ்சம்.

'டக்' இருக்கிறது, 0.0 வருகிறது, நகரவில்லை என்றால் அடுத்த சந்தேகம் பெடல் சென்சார். இது வண்டிக்கு வண்டி மாறும். கிளப் கார் நிறுவன வண்டியில் எம்கார் என்ற பெட்டி, பழைய வகையில் பெடலை மெதுவாக அழுத்தினால் 0-விலிருந்து 5000 ஓம் வரை தடங்கலில்லாமல் ஏற வேண்டும். நடுவில் ஒரு இடத்தில் மீட்டர் குதித்தால் அந்த இடத்தில் தடம் தேய்ந்துவிட்டது. இ-இசட்-கோ நிறுவன வண்டியில் தூண்டல் வகை, ஓமில் பார்க்க முடியாது, வோல்ட்டில்தான் பார்க்க வேண்டும்.

ஏசி மோட்டார் வண்டியில் கர்ட்டிஸ் நிறுவனத்தின் 1234, 1236, 1238 கன்ட்ரோலர் இருந்தால் வேலை பாதி குறையும். சிவப்பு விளக்கு ஒரு முறை மின்னியதும் மஞ்சள் எத்தனை முறை மின்னுகிறதோ அது பழுதுக் குறியீட்டின் முதல் இலக்கம். சிவப்பு இரண்டு முறை மின்னியதும் வருவது இரண்டாம் இலக்கம். 41, 42 என்றால் பெடல் சென்சார். 36 என்றால் மோட்டாரின் என்கோடர், அதாவது சுழற்சியை அளக்கும் சென்சார். 38 என்றால் சோலனாய்டு தகடு வெல்டாகி ஒட்டிக்கொண்டது. 39 என்றால் தகடு சேரவில்லை, அதாவது இந்தக் கேள்வியில் வந்த அதே வியாதி. 47 வந்தால் பழுதே இல்லாமலும் இருக்கலாம்: பெடலில் கால் வைத்துக்கொண்டே சாவி போட்டால் இது வரும். காலை எடுத்து, சாவியை அணைத்துப் போடுங்கள்.

'டக்'கே இல்லையென்றால் சார்ஜர் பிளக், டோ/ரன், சாவி சுவிட்ச், முன்பின் சுவிட்ச், பெடல் மைக்ரோ சுவிட்ச் என்று வரிசையாக வோல்ட்டேஜைத் துரத்திக்கொண்டு போக வேண்டும். கொட்டகையில் உயரழுத்தத் தண்ணீர் அடித்துக் கழுவும் வண்டிகளில் பெடல் பெட்டிக்குள் ஈரம் போவது அதிகம். சாங்கி, செந்தோசா பக்கம் கடல் காற்றில் ஓடும் வண்டிகளில் சின்ன வயர் முனைகள் பச்சை பூத்திருக்கும், அதையும் பார்க்கவும்.

லித்தியம் வண்டி என்றால் இதில் பாதி பொருந்தாது. அங்கே வோல்ட்டேஜ் சார்ஜ் அளவைக் காட்டாது. பேட்டரியின் காவல் பலகை வெட்டிவிட்டால் மீட்டரில் பூஜ்யம்தான், பெரும்பாலும் சார்ஜரைச் செருகினால்தான் விழிக்கும்.

நகராத வண்டியை இழுத்து வரும்போது சுவிட்ச் 'டோ'வில் இருக்கட்டும். 'ரன்'னிலேயே விட்டு வேகமாக இழுத்தால் மோட்டார் ஜெனரேட்டராகி, நல்ல கன்ட்ரோலரையும் கெடுத்துவிடும்.

கொட்டகைக்காரன்:

புது சோலனாய்டு, ரெசிஸ்டர், ஒரு கேபிள் மாற்றியாயிற்று. ஓடுகிறது. பழையதைப் பிளந்து பார்த்தோம்: தகட்டின் ஒரு பக்கம் மட்டும் கறுத்து, அரிசி அளவுக்குக் குழி. பளபளப்பான செம்பு என்று ஓரத்தில் ஒரு கோடுதான் மிச்சம். பக்கி என்று சரியாகத்தான் பேர் வைத்திருக்கிறார்கள்.

மேட்டில் ஏறும்போது பெரிய முனைகளுக்கு இடையே 0.07 வோல்ட். ஆனால் அதே மேட்டில் நான்காவது பேட்டரி 6.1-க்கு இறங்குகிறது, மற்றவை 7.7. அதை மட்டும் புதிதாக வாங்கிப் போட்டால் போதுமா?

ஈயஅமிலம்:

0.07 அருமை. 0.3-க்கு மேல் போனால்தான் கவலை.

நான்காவதை இப்போதே தூக்க வேண்டாம். 1.150 என்றால் அந்த ஒரு செல் 40 சதவீதத்தில் கிடக்கிறது. முதலில் தண்ணீர் மட்டம் பாருங்கள். தட்டு வெளியே தெரிந்தால் மட்டும் சார்ஜுக்கு முன் தட்டு மூழ்கும் அளவுக்கு வடிநீர் ஊற்றுங்கள். மீதியை முழு சார்ஜுக்குப் பிறகு, துவாரக் குழாயின் அடியிலிருந்து 3 மில்லிமீட்டர் கீழே வரை. முழுவதும் நிரப்பிவிட்டு சார்ஜ் போட்டால் அமிலம் வழிந்து வெளியே வரும், அடுத்த முறை நீங்கள் ஊற்றுவது வெறும் தண்ணீர், அந்த செல் நிரந்தரமாக நீர்த்துப்போகும். குழாய்த் தண்ணீர் வேண்டாம். பெட்ரோல் நிலையத்தில் விற்கும் வடிநீரே போதும்.

பிறகு சார்ஜரில் ஈக்வலைஸ் வசதி (எல்லா செல்லையும் சமமாக்கும் கூடுதல் சார்ஜ்) இருந்தால் போடுங்கள், கொட்டகைக் கதவு திறந்திருக்கட்டும். மணிக்கு ஒருமுறை அந்த செல்லை அளங்கள். எண் ஏறிக்கொண்டே இருந்தால் தொடரலாம். ஏறுவது நின்றபோது மற்ற செல்களுக்கும் அதற்கும் 0.050-க்கு மேல் வித்தியாசம் மிச்சமிருந்தால் அந்த பேட்டரி முடிந்தது.

அப்போதும் புத்தம் புதிது வாங்காதீர்கள். நான்கு வயதான ஐந்துக்கு நடுவே புதிது ஒன்றைக் கட்டினால், ஐந்தும் நிரம்பாமல் சார்ஜர் நிற்கும், அல்லது புதியது தினமும் கூடுதலாகக் கொதிக்கும். நிறைய வண்டி உள்ள கொட்டகை என்றால் கழித்துப் போட்ட வண்டியில் அதே ரகம், ஏறக்குறைய அதே வயது, 1.260-க்கு மேல் காட்டும் ஒன்று கட்டாயம் கிடைக்கும். அதைப் போட்டு இந்தத் தொகுப்பின் மிச்சக் காலத்தை ஓட்டுங்கள், பிறகு ஆறையும் ஒரே நேரத்தில் மாற்றலாம்.

முனை நட்டுகள் 11 முதல் 12 நியூட்டன் மீட்டர். ஈயம் மெத்தென்று இருக்கும், அதற்கு மேல் முறுக்கினால் முனையே நசுங்கும். முறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவுங்கள். முதலில் தடவிவிட்டு லக்கை வைக்காதீர்கள்.